அட்டவணையைச் சுவரில் மாட்டுவதற்கு முன்

வேதியியல் கற்பிப்பதில் ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. தனிம வரிசை அட்டவணையை மாணவர்களுக்கு எந்தக் கட்டத்தில் காட்டுவது என்பதுதான் அது. பெரும்பாலான பாடநூல்கள் போகும் பாதை ஒன்றுதான். முதலில் அணு, அதற்குள் புரோட்டானும் எலக்ட்ரானும், பிறகு எலக்ட்ரான் கூடுகளில் 2, 8, 8 என்ற கணக்கு. கடைசிக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறதோ அதை வைத்துத் தொகுதி, அதாவது அட்டவணையின் செங்குத்துப் பத்தி. அவ்வளவுதான், 118 கட்டங்களும் நிரம்பிய வண்ணப்படம் ஒன்று சுவரில் ஏறிவிடும். முதல் இருபது தனிமங்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வோம். பிள்ளைகளும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்.

இதில் பிழையான தகவல் எதுவும் இல்லை. என்னைக் குடைந்தது ஒரு மாணவி கேட்ட கேள்வி. எலக்ட்ரான் கணக்கெல்லாம் நன்றாகப் போடக்கூடியவள். எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897-இல் என்று ஒரு பாடத்திலும், ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தன் தனிம அட்டவணையை வெளியிட்டது 1869-இல் என்று இன்னொரு பாடத்திலும் படித்திருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எலக்ட்ரானே தெரியாம சோடியத்துக்குக் கீழ பொட்டாசியத்தை எப்படி டீச்சர் போட்டாரு?" என்றாள். பண்புகளை வைத்து என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எப்படிப் போதும்? சோடியத்தின் பண்பு ஒன்றையாவது அவள் கண்ணால் கண்டதில்லை. பொட்டாசியமும் அப்படியே. அட்டவணை எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததோ அந்தக் கேள்வியை அவள் சந்திக்கும் முன்பே நாம் விடையை, அதுவும் ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த விளக்கத்தோடு சேர்த்து, கையில் கொடுத்துவிட்டோம்.

அன்றிலிருந்து நான் பாடத்தின் வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டேன். முதலில் பொருள்கள். பிறகு அவற்றை அடுக்குவதில் உள்ள தலைவலி. பிறகு அட்டவணை. எலக்ட்ரான் கடைசியில்.

பொருளைப் பார்த்த பிறகு பெயர்

கந்தகக் கட்டி, செம்புக் கம்பி, மெக்னீசிய நாடா, அலுமினியத் தகடு, பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட், கண்ணாடிக் குடுவைக்குள் சில அயோடின் படிகங்கள். இவற்றைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. தொடக்கூடியவற்றைத் தொட்டு, கனம் பார்த்து, வளைத்துப் பார்த்து, மின்கலத்தோடும் சிறு விளக்கோடும் இணைத்து மின்சாரம் போகிறதா என்று பார்க்கவிடுவேன். செம்பில் விளக்கு எரியும், கந்தகத்தில் எரியாது. அதுவரை எல்லோரும் எதிர்பார்த்ததுதான். கிராஃபைட்டில் எரியும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். உலோகம் என்றும் அலோகம் என்றும் அழகாக இரண்டு பத்தி எழுதி வைத்திருந்தவர்களுக்கு முதல் இடைஞ்சல் அது.

சோடியத்தை நானே வெட்டிக் காட்டுவேன். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, எண்ணெயில் மூழ்கியிருக்கும் துண்டை இடுக்கியால் எடுத்துத் துடைத்துக் கத்தியை வைத்தால் போதும், அதிகம் அழுத்தாமலே இறங்கிவிடும். வெளியே சாம்பல் பூத்த அழுக்கு மேலோடு, வெட்டிய முகமோ வெள்ளிபோல மின்னும். பிள்ளைகள் அதைப் பார்த்து முடிப்பதற்குள் பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கும், பால் நிறமாகி, பிறகு சாம்பலாகிவிடும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஈரமும் அதை விட்டுவைப்பதில்லை. "கத்தியால் வெட்டலாம், ஆனா உலோகம்" என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். பாடநூலில் அதே வரி இருக்கிறது. அவன் அதை அங்கே படித்ததாகத் தோன்றவில்லை.

அப்புறம் தண்ணீர். தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், மிகச் சிறிய துணுக்குகளாக, லித்தியம் முதலில். அது மிதந்தபடி நிதானமாகக் குமிழிவிடும். அடுத்தது சோடியம். அதன் உருகுநிலை 98 டிகிரி செல்சியஸ்தான் என்பதால் வினையின் சூட்டிலேயே உருகி, ஒரு குண்டுமணியாகி நீர்ப்பரப்பில் அங்குமிங்கும் ஓடும். பொட்டாசியம் தண்ணீரைத் தொட்டதும் இளஊதாச் சுடரோடு பற்றிக்கொள்ளும். மூன்றும் மிதக்கின்றன, மூன்றும் ஹைட்ரஜனை வெளியேற்றுகின்றன, தண்ணீர் காரமாகிவிடுகிறது. வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த இடத்தில் ருபீடியம், சீசியம் என்று இன்னும் இரண்டு இருக்கின்றன, அவற்றை இங்கே போட மாட்டேன், போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்ல யாருக்கும் அட்டவணை தேவைப்படுவதில்லை. காணொளியை அதற்குப் பிறகுதான் காட்டுவேன். ஊகித்த பிறகு பார்ப்பதற்கும் சும்மா பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

தனிமம் என்றால் என்ன என்ற வரையறையையும் இந்தப் பகுதியில்தான் தொடுவேன். அதற்குப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயின் பட்டியலைப் போல உதவும் பொருள் வேறில்லை. 1789-இல் அவர் வெளியிட்ட 33 எளிய பொருள்களின் பட்டியலில் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கந்தகம், தங்கம் எல்லாம் இருக்கின்றன. கூடவே ஒளி இருக்கிறது, வெப்பமும் இருக்கிறது. சுண்ணாம்பும் இருக்கிறது! அன்றைய கருவிகளால் மேற்கொண்டு பிரிக்க முடியாதவை எல்லாம் தனிமம் என்ற அளவுகோலின்படி சுண்ணாம்புக்கு அங்கே இடம் உண்டு. 1807-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சிப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தார். அடுத்த ஆண்டே சுண்ணாம்புக்குள்ளிருந்து கால்சியம் வெளிவந்தது. தனிமம் என்ற முடிவு, பிரித்துப் பார்க்கும் கைவேலையிலிருந்து வந்தது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபட வேண்டும் என்று எனக்கு ஆசை. அணு எண்ணை, அதாவது அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையை, வைத்துச் சொல்லும் வரையறையை எந்த நாளும் சொல்லிக்கொள்ளலாம்.

அட்டைகளைக் கலைத்துப் போட்டால்

அடுத்தது அட்டைகள். வெள்ளை அட்டையில் ஒரு தனிமத்துக்கு ஒன்று. அணு எண் கிடையாது, எலக்ட்ரான் கிடையாது. பெயர், அணு நிறை, பார்ப்பதற்கு எப்படி இருக்கும், தண்ணீரோடு எப்படி நடந்துகொள்ளும், அதன் ஓர் அணு எத்தனை குளோரின் அணுக்களோடு அல்லது எத்தனை ஹைட்ரஜன் அணுக்களோடு சேரும். அவ்வளவுதான். லித்தியத்திலிருந்து கால்சியம் வரை எடுத்துக்கொள்வேன். எதனோடும் எளிதில் சேராத மந்த வாயுக்களை ஓர் உறையில் போட்டு மேசைக்குள் வைத்துவிடுவேன், 1869-இல் அவை யாருக்கும் தனிமங்களாகத் தெரியாது. ஹைட்ரஜனைத் தனியே வைத்துவிடுவேன், அதைப் பிறகு சொல்கிறேன். சிலிக்கனையும் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடுவேன். மீதி 15 அட்டைகள். குழுவாக உட்கார்ந்து அடுக்குங்கள் என்பதற்கு மேல் எந்தக் குறிப்பும் கொடுப்பதில்லை.

ஒரு குழு நிறத்தை வைத்துப் பிரிக்கும், இன்னொன்று திண்மம், வாயு என்று பிரிக்கும். சிலர் அகர வரிசையில் அடுக்குவார்கள். அவர்களைக் கண்டிக்கக் கூடாது. 1866-இல் ஆங்கிலேய வேதியியலாளர் நியூலாண்ட்ஸ், அணு நிறைப்படி அடுக்கினால் ஒவ்வோர் எட்டாவது தனிமத்திலும் பண்புகள் திரும்பி வருகின்றன என்ற தன் எண்ம விதியை லண்டன் வேதியியல் கழகத்தில் படித்தபோது, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார். நியூலாண்ட்ஸ் கண்டதில் உண்மை இருந்தது, ஆனால் காலி இடம் விடத் துணியாமல் எல்லாவற்றையும் எட்டெட்டாக அடைக்கப் பார்த்ததால் கால்சியத்துக்கு அப்பால் அவருடைய வரிசை குழம்பிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு குழு அணு நிறையின்படி நீளமாக அடுக்கும். அங்கேதான் விஷயம் பிடிக்கும். லித்தியம் ஒரு குளோரினைப் பிடிக்கிறது, பெரிலியம் இரண்டு, போரான் மூன்று, கார்பன் நான்கு. அதன் பிறகு இறங்குமுகம். நைட்ரஜன் மூன்று ஹைட்ரஜனோடு, ஆக்சிஜன் இரண்டோடு, ஃபுளூரின் ஒன்றோடு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. அடுத்தது சோடியம், திரும்பவும் ஒன்று. இந்த எண்களை யாராவது சத்தமாக வாசிக்க ஆரம்பித்ததும் பக்கத்துக் குழுக்களும் எட்டிப் பார்க்கும். வரிசையை ஃபுளூரினோடு முறித்து, சோடியத்தை லித்தியத்துக்குக் கீழே கொண்டுபோய் வைப்பார்கள். தண்ணீரில் ஓடிய அந்த மூன்றும் ஒரே பத்தியில் வர வேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

இரண்டாம் வரிசையில் என் கைவரிசை வெளிப்படும். அலுமினியத்துக்கு அடுத்து பாஸ்பரஸ், அது கார்பனுக்குக் கீழே போய் உட்காரும். கந்தகம் நைட்ரஜனுக்குக் கீழே, குளோரின் ஆக்சிஜனுக்குக் கீழே. வரிசை முடிவில் பொட்டாசியம் ஃபுளூரினுக்குக் கீழே வந்து நிற்கும்போது யாராலும் பொறுத்துக்கொள்ள முடியாது. சிலர் எல்லாவற்றையும் கலைத்துவிடுவார்கள். யாராவது ஒருவர் பாஸ்பரஸிலிருந்து எல்லாவற்றையும் ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டு, "இங்க ஒண்ணு இல்லை டீச்சர்" என்பார்கள். அப்படியானால் அந்த ஒன்று எப்படி இருக்கும் என்று எழுதச் சொல்வேன். நான்கு குளோரினோடு சேரும், அணு நிறை 27-க்கும் 31-க்கும் நடுவே, ஏறக்குறைய 29. மறைத்து வைத்த அட்டையில் இருப்பது 28.1. உருகுநிலையைச் சொல்லுங்கள் என்றால் தடுமாறுவார்கள், தடுமாறுவதுதான் சரி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், வெண்பாஸ்பரஸ் 44 டிகிரியில். நடுவில் இருக்கும் சிலிக்கன் 1,414 டிகிரி வரை அசையாது. பக்கத்து வீடுகளைப் பார்த்துச் சொல்லக்கூடியவையும் உண்டு, சொல்ல முடியாதவையும் உண்டு.

மெண்டலீவின் கதையை இதற்குப் பிறகு சொன்னால் அதன் ருசியே வேறு. அவர் இந்த வேலையில் இறங்கியதே ஒரு பாடநூல் எழுதும்போதுதான். மாணவர்களுக்கான வேதியியல் நூலில் குளோரின், புரோமின் போன்ற ஹாலஜன்களை எழுதியாயிற்று, சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்களையும் தொட்டாயிற்று, அடுத்து எதை வைப்பது? அன்று தெரிந்த 63 தனிமங்களையும் ஏதாவதொரு முறையில் சொல்லியாக வேண்டிய ஆசிரியரின் நெருக்கடி அது. 1871-இல் அவர் அலுமினியத்துக்குக் கீழே இருக்க வேண்டிய தனிமத்தின் அடர்த்தி 6-ஐ ஒட்டி இருக்கும் என்று எழுதினார். 1875-இல் லெகாக் டி புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து 4.7 என்று அளந்தார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீவ், உங்கள் மாதிரி தூய்மையாக இருக்காது, மறுபடி அளந்து பாருங்கள் என்ற பொருள்பட எழுதினார். சுத்திகரித்து அளந்தபோது 5.9 வந்தது. காலி இடத்தைத் தாங்களே கண்டுபிடித்த பிள்ளைகளுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியிருப்பதில்லை.

ஆர்கான் வந்த நாள்

இந்தப் பாடத்தின் உயிர்நிலை என்று நான் நினைப்பது இதற்கு அடுத்த பகுதி. எல்லோரும் அடுக்கி முடித்து நிம்மதியாக இருக்கும்போது மேசைக்குள்ளிருந்து உறையை எடுப்பேன். எதனோடும் சேராத சில வாயுக்கள், 1890-களில் வந்து சேர்ந்தவை, இவற்றுக்கும் இடம் கண்டுபிடியுங்கள். ஹீலியம், அணு நிறை 4. லித்தியத்துக்கு முன்னால் போய் நின்றுவிடும். நியான், 20.2. ஃபுளூரின் 19, சோடியம் 23, நடுவில் கச்சிதமாகப் பொருந்தும். பக்கவாட்டில் ஒரு புதுப் பத்தி முளைக்கிறது, ஏற்கெனவே வைத்த அட்டை ஒன்றையும் நகர்த்த வேண்டியதில்லை. எல்லோருக்கும் தங்கள் அடுக்கின்மேல் ஒரு பெருமிதம் வந்துவிடும். அப்போது ஆர்கான். அணு நிறை 39.95.

பொட்டாசியத்தின் நிறை 39.1. விதிப்படி ஆர்கான் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். அப்படி வைத்தால் பொட்டாசியம் நியானுக்குக் கீழே போகும், ஆர்கான் சோடியத்துக்குக் கீழே வரும். ஒரு முறை ஒரு குழுவில் இதற்குப் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஒருவன் விதியை விடமாட்டேன் என்றான், நிறையின்படிதானே இவ்வளவு தூரம் வந்தோம், நமக்குப் பிடிக்கவில்லை என்று மாற்றினால் அது என்ன விதி என்பது அவன் கட்சி. எதிரே இருந்தவள், தண்ணீரில் தீப்பிடித்ததை எதனோடும் சேராத வாயுக்களுக்குக் கீழே வைக்க முடியாது என்று ஒரேயடியாக மறுத்தாள். மூன்றாவது ஒருத்தி அட்டையை என்னிடம் கொண்டுவந்து, "டீச்சர், இதுல நம்பர் தப்பா எழுதியிருக்கீங்க" என்றாள்.

இந்த மூன்று குரல்களும் வேதியியல் வரலாற்றில் அப்படியே இருக்கின்றன. டெலூரியத்தின் நிறை 127.6, அயோடினின் நிறை 126.9. மெண்டலீவ் இந்த இடத்தில் குணத்தின் பக்கம் நின்று அயோடினைக் குளோரின், புரோமின் குடும்பத்தோடு வைத்தார். கூடவே, டெலூரியத்தின் நிறையை யாரோ தவறாக அளந்திருக்கிறார்கள் என்றும் நம்பினார். வைத்த இடம் சரி, சொன்ன காரணம் தவறு. அளவீட்டில் குறையில்லை. பெரிலியத்தின் நிறை 14 அல்ல, 9-ஐ ஒட்டியது என்று அவர் திருத்தியது பலித்தது, டெலூரியத்தில் அதே உத்தி பலிக்கவில்லை. ஆர்கான் கண்டுபிடிக்கப்பட்டபோதோ, அது தனிமமாகவே இருக்காது, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். தான் கட்டிய வீட்டுக்கு ஒரு புது அறை தேவைப்பட்டபோது அவருக்கே தயக்கம் இருந்தது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அன்று அந்தக் குழுவுக்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எண் சரிதான், நான்கு பேர் அளந்தாலும் அதுதான் வரும் என்று மட்டும் சொன்னேன். விதியின் பக்கம் நின்றவன் நெடுநேரம் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ நிறைக்குப் பதிலா வேற ஏதோ ஒண்ணு வரிசையா ஏறுது, நிறை அதுகூட ஏறக்குறைய சேர்ந்து போகுது" என்றான். நான் கற்பித்த ஆண்டுகளில் ஒரு மாணவன் வாயிலிருந்து இதைவிடச் சரியான ஒரு வாக்கியத்தைக் கேட்டதாக நினைவில்லை. அணு எண் என்ற கருத்துக்கு அவன் எந்த உதவியும் இல்லாமல் வாசல்வரை வந்துவிட்டான்.

ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி வருவது இந்த வாசலுக்குத்தான். 1913-இல் அவர் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு சீரான படி ஏறிக்கொண்டே போனது. அணுக்கருவின் மின்னூட்டத்தை அந்தப் படி எண்ணிக் காட்டியது. கோபால்ட் 27, நிக்கல் 28. நிறையில் கோபால்ட்தான் கூடுதல், எண்ணில் நிக்கல்தான் பின்னால். இடப் பிரச்சினைகள் வரிசையாகத் தீர்ந்தன. 1915-இல் கலிபோலிப் போர்முனையில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 27. இதைச் சொல்லிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை, வகுப்பிலும் கொஞ்சம் நிறுத்திவிடுவேன்.

ஆர்கான் ஏன் கனக்கிறது என்பதற்கும் ஒரு பதில் உண்டு, கேட்கும் வகுப்புகளில் சொல்வேன். பூமியில் கிடைக்கும் ஆர்கானில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஆர்கான்-40, அதாவது அணு நிறை 40-ஐ ஒட்டிய வகை. அது பிறந்தது பொட்டாசியத்திலிருந்து. பாறைகளில் மிகச் சிறிதளவு இருக்கும் பொட்டாசியம்-40 கதிரியக்கத்தால் சிதையும்போது அதில் ஒரு பகுதி ஆர்கான்-40 ஆகிறது. அந்தப் பொட்டாசியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 125 கோடி ஆண்டுகள் ஆகும். நம் காற்றில் ஒரு விழுக்காட்டை ஒட்டி இருக்கும் ஆர்கான் இப்படிச் சேர்ந்ததுதான். சூரியனில் உள்ள ஆர்கானில் பெரும்பங்கு ஆர்கான்-36, அங்கே அளந்து எழுதியிருந்தால் என் வகுப்பில் அந்தச் சண்டையே வந்திருக்காது.

எலக்ட்ரானும் ஹைட்ரஜனும்

இவ்வளவுக்கும் பிறகுதான் 2, 8, 8. இப்போது அது மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் கேள்விக்கு விடையாக வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று தாங்களே வாசித்த எண்கள் ஏன் அப்படி ஏறி இறங்குகின்றன, மந்த வாயுக்கள் ஏன் யாரோடும் சேருவதில்லை, பொட்டாசியம் ஏன் சோடியத்தைவிட ஆவேசமாக இருக்கிறது. வெளிக்கூடு கருவிலிருந்து தள்ளிப்போகப் போக எலக்ட்ரானை விடுவது எளிதாகிறது என்றால், இளஊதாச் சுடரை ஒருமுறை பார்த்தவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். சுவரில் அட்டவணையை மாட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

நேரம் போய்விடுகிறது, தேர்வுக்கு வரிசையும் குறியீடும் தெரிந்தால் போதும் என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. இருபது பெயர்கள் நாவில் இருந்தால் வினைகளை எழுதும்போது கை தடுமாறாது. பாட்டாகப் பாடட்டும், தாளம் போடட்டும். அதை அட்டை வேலைக்குப் பிறகு வைத்துக்கொண்டால் பாதி உழைப்புதான், ஏனென்றால் பெயர்களை அவர்கள் அதற்குள் கையால் நகர்த்தி, இடம் மாற்றி, சண்டை போட்டுப் பழகியிருப்பார்கள். நேரக் கணக்கில் நான் இழந்ததாகத் தோன்றவில்லை. இதைச் செய்ய ஆய்வகம்கூட அவசியமில்லை. சோடியம் கிடைக்காத இடத்தில் காணொளி போதும், அட்டைகளுக்குக் காகிதமும் கத்தரிக்கோலும் போதும்.

தனியே வைத்த ஹைட்ரஜன் அட்டையைக் கடைசியில் கொடுப்பேன். ஒரு குளோரினோடு சேருகிறது, ஆகவே லித்தியத்துக்கு மேலே என்பார்கள் சிலர். வாயு, தன் இனத்தோடு இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கிறது, ஒரு எலக்ட்ரான் கிடைத்தால் கூடு நிறைந்துவிடும், ஆகவே ஃபுளூரினுக்கு மேலே என்பார்கள் வேறு சிலர். சுவரில் உள்ள படம் அதை முதல் தொகுதியின் தலையில் வைத்திருக்கிறது, அதைக் காட்டி வாயடைக்க எனக்கு விருப்பமில்லை. வேதியியலாளர்களிடையே இதுபற்றி இன்றும் ஒருமித்த கருத்து இல்லை, இரண்டு இடத்திலும் போடாமல் தனியே மிதக்கவிடும் அட்டவணைகளும் உண்டு என்று சொல்லி, உங்கள் குழு எங்கே வைக்கிறது, எந்தக் குணத்தை முன்னிட்டு, எந்தக் குணத்தைத் தள்ளிவிட்டு என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வேன். மதிப்பெண் இடத்துக்குக் கிடையாது, தள்ளிவிட்ட குணத்தைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதற்குத்தான்.